கிலோவுக்கு ஒரு கணக்கு, மீட்டருக்கு ஒரு கணக்கு

இருபது டிஷர்ட் குறைந்துபோன அன்றைக்குத்தான் எனக்கு ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று புரிந்தது. அதற்கு முன்பும் அந்த மூன்று எழுத்தைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். போனை எடுத்து, "சிங்கிள் ஜெர்சி, ஒன் சிக்ஸ்டி ஜிஎஸ்எம், மஞ்சள், முப்பது கிலோ" என்று டிஷர்ட் பனியன் துணிக்கு ஆர்டர் சொல்வதில் ஒரு தோரணைகூட வந்திருந்தது. தொழில் தெரிந்தவள் மாதிரி.

ஈரோட்டில் வீட்டு மாடியில் நான்கு மெஷினைப் போட்டுக் குழந்தைகள் உடை தைக்க ஆரம்பித்து அப்போது ஆறு மாதம். ஒரு மழலையர் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு 300 டிஷர்ட் கேட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே மஞ்சள். கட்டிங் கழிவும் சேர்த்து ஒரு பீசுக்கு 0.6 சதுர மீட்டர் துணி ஆகும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற எண், அவ்வளவுதான். 160 என்றால் ஒரு பீசுக்கு 96 கிராம். 300 பீசுக்கு 28.8 கிலோ. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி 30 கிலோவாகச் சொல்லிவிட்டேன். திருப்பூரிலிருந்து ரோல் வந்து இறங்கியது. கட்டிங் மாஸ்டர் வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடும்போதே ஓரத்தைக் கசக்கிப் பார்த்து, "அக்கா, துணி கை கனமா இருக்கே" என்றார்.

"நல்லதுதானே மாஸ்டர், கெட்டியா கொடுத்திருக்காங்க" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மாலையில் கட்டு கட்டாக எண்ணி முடித்தபோது 280 பீஸ். துணி தீர்ந்துவிட்டது. அவசரமாகத் துணிக்காரருக்குப் போன் செய்து அதே மஞ்சளில் இரண்டு கிலோ கேட்டேன். லாட், அதாவது சாயம் போட்ட தொகுதி, மாறினால் ஷேடு மாறும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. விழாவில் 280 குழந்தைகள் மாம்பழம், இருபது குழந்தைகள் எலுமிச்சை. பள்ளிக்காரர்கள் நல்லவர்கள்; அந்த இருபது பேரையும் தனி அணியாக நிறுத்திச் சமாளித்துவிட்டார்கள். என் பில்லிலும் கொஞ்சம் சமாளித்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

எங்கே தப்பு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மிச்சத் துணியில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு தெருமுனை நகைக்கடைக்குப் போனேன். "மஞ்சளா இருக்கறதையெல்லாம் இங்க கொண்டுவந்தா எப்படிங்க" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். 1.78 கிராம். ஒரு சதுர மீட்டரில் இப்படி நூறு சதுரம். ஆக 178 ஜிஎஸ்எம். முப்பது கிலோவை அதால் வகுத்தால் 168.5 சதுர மீட்டர், அதை 0.6 ஆல் வகுத்தால் 280. கணக்கு அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

துணிக்காரர் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. முப்பது கிலோ முப்பது கிலோதான். கனம் கூடியதால் பரப்பு குறைந்தது. நான் உடுத்துவதற்குப் பரப்பு வாங்க வேண்டியவள், எடையை வாங்கிவிட்டேன்.

இதில் உள்ள சூட்சுமம் எனக்குப் பிடிபட இன்னும் ஒரு அடி தேவைப்பட்டது. பனியன் துணி, அதாவது நிட்டிங் துணி, கிலோவில் விற்கிறது. நெய்த துணி மீட்டரில் விற்கிறது. கிலோவில் விற்பவருக்குத் துணி கனமாக இருந்தால் நஷ்டமில்லை. வாங்குபவருக்குத்தான் பீஸ் குறையும். மீட்டரில் விற்பவருக்கோ துணி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நூல் மிச்சம்; ஆனால் கைக்குக் கனமாகத் தெரிந்தால்தான் விலை போகும். அதனால் இரண்டு பக்கமும் தவறு வந்தால் எதிரெதிர்த் திசையில் வரும். கிலோக்காரரிடம் கனம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர்காரரிடம் கனம் நிஜமா என்று பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது அடியையும் சொல்லிவிடுகிறேன். கோடைக்கு ஃப்ராக் தைக்க நல்ல கெட்டிக் காட்டன் என்று ஒரு மொத்த வியாபாரியிடம் 60 மீட்டர் எடுத்தேன். தொட்டால் மொடமொடவென்று, கத்தரி வைத்தால் காகிதம் போல வெட்டுப்படும் துணி. இந்த முறை புத்திசாலித்தனமாக முன்கூட்டியே எடை போட்டேன்: 140 ஜிஎஸ்எம். சொன்ன எண்ணுக்குச் சரியாக இருந்தது. திருப்தியாகத் தைத்து விற்றேன். ஒரு வாரத்தில் ஒரு அம்மா ஃப்ராக்கைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஒரு தண்ணிதாங்க விட்டேன்" என்று விரித்துக் காட்டினார். துணிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது.

மிச்சத்தில் ஒரு மீட்டர் நீளத்தை எடை போட்டேன்: 157 கிராம் (அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதனால்தான் 140-ஐவிடக் கூடுதல்). சோப்பு போட்டு மூன்று முறை துவைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி போட்டேன்: 128 கிராம். 29 கிராம் கஞ்சி கழிவுநீரில் போய்விட்டது. நெசவில் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவது அவசியம். இல்லாவிட்டால் தறியின் உராய்வில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அது குற்றமில்லை. நெய்து முடித்தபின் அதை நீக்காமல் விடுவதும், விறைப்புக்காகவும் கனத்துக்காகவும் மேலே இன்னும் ஏற்றுவதும்தான் நம் தலையில் விடியும்.

இப்போது கடையில் துணியை வாங்கும் முன் ஒரு ஓரத்தை இரு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறேன், கறுப்புச் சுடிதார் மேல் வைத்து. வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் ஒரு சாம்பிள் கேட்டு வாங்கி வந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விடுவேன். மாவுக் கஞ்சி இருந்தால் அந்த இடம் கருநீலமாகும். எல்லாவற்றுக்கும் மேல், துவைத்து எடை போடுவதுதான் கடைசித் தீர்ப்பு. ஒரே துண்டை, துவைக்கும் முன்பும் பின்பும்.

பனியன் துணிக்கும் துவைத்துப் பார்ப்பது வேறு காரணத்துக்காக முக்கியம். அங்கே பிரச்சினை கஞ்சி அல்ல, இழுப்பு. சாயம் போட்டு வரும் துணியை எந்த அகலத்துக்கு விரித்துக் காம்பாக்டிங் (உருளைகளில் அழுத்திப் பதப்படுத்துவது) செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஜிஎஸ்எம் ஏறும், இறங்கும். அதே நூல், அதே நிட்டிங். டயாவை, அதாவது விரிக்கும் அகலத்தை, இரண்டு அங்குலம் கூட்டி இழுத்து வைத்தால் துணி லேசாகிவிடும். ஆனால் அந்த லேசு கடன் வாங்கியது. முதல் தண்ணியிலேயே துணி தன் இயல்புக்குத் திரும்பும். நீளத்தில் ஐந்து சதம், அகலத்தில் ஐந்து சதம் சுருங்கினால் பரப்பு 90 சதமாகிவிடும். 160 ஆக இருந்தது 177 ஆகும். குழந்தைக்குத் தைத்த சட்டை தொப்புளுக்கு மேல் ஏறிவிடும். இதைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். துணியில் பால்பாயின்ட் பேனாவால் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்துக் காயப்போட்டு, மறுபடி அளக்க வேண்டியதுதான். 47.5 வந்தால் ஐந்து சதம். நான் ஐந்துக்கு மேல் போனால் அந்தத் துணியைத் தொடுவதில்லை.

அதனால் இப்போது யாராவது ஜிஎஸ்எம் எண் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பிராசஸ் முடிஞ்சு வர்ற எண்ணா, அதுக்கு முந்தியா?" இரண்டாவது, "துவைச்சா எங்க நிக்கும்?" முதல் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவதுக்கும் சொல்பவரிடம்தான் நான் தொடர்ந்து வாங்குகிறேன். இருவரும் பேசிக்கொண்ட எண்ணில் ஐந்து சதம் ஏற இறங்க இருப்பதைத் தொழிலில் ஒத்துக்கொள்வார்கள். 160-க்கு 168 வரை சரி. 178 சரியில்லை. இதையெல்லாம் ஆர்டர் தாளில் எழுதி வாங்கியிருந்தால் அந்த இருபது எலுமிச்சைக் குழந்தைகள் மாம்பழமாகவே இருந்திருப்பார்கள்.

இவ்வளவும் கற்றபிறகு எனக்கு ஒரு கர்வம் வந்தது. தராசு ஒன்று வாங்கினேன், ஆயிரம் ரூபாய்கூட இல்லை, 0.01 கிராம் வரை காட்டும். எந்தத் துணியைப் பார்த்தாலும் வெட்டி எடை போட ஆரம்பித்தேன். அந்தக் கர்வத்தை இறக்கி வைத்தவர் சென்னிமலையில் இருக்கும் எங்கள் பெரியப்பா. நாற்பது வருடம் கைத்தறியில் பெட்ஷீட் நெய்தவர். இப்போது கண் மங்கலாகி வீட்டோடு இருக்கிறார். அவர் பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளைத் துண்டுகளை எடுத்து, "எது ஒசத்தி, சொல்லு கண்ணு" என்றார்.

தராசை எடுத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட 108. "ரெண்டும் ஒண்ணுதானுங்க பெரியப்பா."

"அப்படியா? சன்னல்ல புடிச்சுப் பாரு."

ஒன்றைப் பிடித்தேன். வெளிச்சம் பாலாகக் கசிந்தது, சன்னல் கம்பி தெரியவில்லை. மற்றதைப் பிடித்தேன். கம்பி, கம்பிக்கு அப்பால் முருங்கை மரம், மரத்தில் அணில் எல்லாம் தெரிந்தது.

பிறகு ஒரு அங்குலச் சதுரம் உள்ள இழை எண்ணும் கண்ணாடியைத் துணி மேல் வைத்து ஊசி முனையால் என்னையே எண்ண வைத்தார். முதல் துணி 40-ஆம் நம்பர் நூல். அங்குலத்துக்குப் பாவு 92, குறுக்கே ஓடும் ஊடை 80. இரண்டாவது 20-ஆம் நம்பர்; நம்பர் குறைந்தால் நூல் தடிமன், அதைப் பிறகு சொல்கிறேன். பாவு 46, ஊடை 40. நூல் இரண்டு மடங்கு கனம், இழை சரிபாதி. எடை அதே எடை. "கனம் எவ்வளவுன்னு தராசு சொல்லும் கண்ணு. கனம் எங்கிருந்து வந்துச்சுன்னு கண்ணுதான் சொல்லணும்" என்றார்.

அங்கேயே ஒரு வாய்ப்பாடும் கிடைத்தது. அங்குலத்துக்குப் பாவு, ஊடை இரண்டையும் கூட்டி, நூல் நம்பரால் வகுத்து, 25 ஆல் பெருக்கினால் பருத்தித் துணியின் ஜிஎஸ்எம் ஏறக்குறைய வந்துவிடும். 172 வகுத்தல் 40, பெருக்கல் 25: நூற்று ஏழரை. நேர்க்கணக்குப்படி பெருக்க வேண்டியது 23.25 தான், இழை ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி வளைந்து போவதால் கொஞ்சம் கூடுதல் நூல் பிடிக்கும், அதற்காக 25. கடைக்காரர் சொல்லும் நூல் நம்பரையும் இழைக் கணக்கையும் இதில் போட்டு, தராசு காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பொய் வெளியே வந்துவிடும். கஞ்சியேறிய துணி என்றால் தராசு எண் வாய்ப்பாட்டைத் தாண்டி நிற்கும். என் ஃப்ராக் துணியை அப்படிப் பார்த்திருந்தால் அறுபது மீட்டரும் தப்பித்திருக்கும்.

நூல் நம்பர் புதிதாக வருபவர்களைக் குழப்பும், ஏனென்றால் அது தலைகீழ். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 840 கெஜம் கொண்ட ஒரு சிட்டாவை அலகாக வைத்து, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டா வருகிறது என்று எண்ணுவதுதான் பருத்தியில் நம்பர். நாற்பது சிட்டா வந்தால் 40-ஆம் நம்பர், எண்பது வந்தால் 80. சரி, இது பருத்திக்கு. லினனுக்கு வந்தபோது இதே எண்ணை நம்பி நான் மறுபடி ஒருமுறை முட்டிக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஒருவர் லினன் சட்டை கேட்டார். கடையில் "60 லீ" என்றார்கள். 60-ஆம் நம்பர் பருத்தி மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று நினைத்து போனிலேயே வாங்கினேன். வந்து இறங்கியது 145 ஜிஎஸ்எம், கையில் கரகரவென்று. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். லினனில் ஒரு லீ என்பது 300 கெஜம்தான். அப்படிப் பார்த்தால் 60 லீ நூல் பருத்தியில் 21-ஆம் நம்பருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. கடைக்காரர் சரியான துணியைத்தான் அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சட்டை எனக்கு இன்னொன்றையும் காட்டியது. 145 ஜிஎஸ்எம் பருத்திச் சட்டையை ஏப்ரலில் போட்டால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதே எடை லினன் ஒட்டவில்லை. லினன் இழை விறைப்பானது, நெசவும் இடைவெளி விட்டு இருக்கும். துணி உடம்பை விட்டு விலகி நிற்கும், உள்ளே காற்று ஓடும். ஆக, ஒரு நாரில் பழகிய எண்ணை இன்னொரு நாருக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பட்டில் இன்னும் வேறு. அங்கே மொம்மி என்று ஒரு அலகு சொல்வார்கள். ஒரு மொம்மி 4.34 ஜிஎஸ்எம். 19 மொம்மிப் பட்டு 82 ஜிஎஸ்எம்தான், ஆனால் விழும் அழகில் அது கனமான பட்டு. நம் காஞ்சிபுரம் புடவையை எடையை வைத்து மதிப்பிடுவது இதிலெல்லாம் சேராது. அந்த எடையில் ஜரிகைக்கும் பங்கு உண்டு. "முக்கால் கிலோ இருக்கு, நல்ல பட்டு" என்று கல்யாண வீடுகளில் கேட்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

எடை போடுவதிலும் சில விஷயங்கள் பட்டுத்தான் தெரிந்தன. பங்குனி மத்தியானம் 152 காட்டிய துணி, ஐப்பசி அடைமழையில் 158 காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் சூடாக இஸ்திரி போட்ட துண்டை நேரே தராசில் வைத்துவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தேன். 1.47 இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 1.48. பேசி முடிப்பதற்குள் 1.51. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. துணி அறையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. இயற்கை நார் எல்லாமே இப்படித்தான். வணிகக் கணக்கில் உலர்ந்த எடைக்கு மேல் பருத்திக்கு எட்டரை சதம், பட்டுக்குப் பதினொன்று, லினனுக்குப் பன்னிரண்டு என்று ஈரத்துக்காக ஒத்துக்கொண்டே விலை பேசுகிறார்கள். பாலியஸ்டருக்கு அது அரை சதம்கூட இல்லை. வேர்வையை உறிஞ்சுவதும் உறிஞ்சாததும் இதே கதைதான்.

இப்போது துணியை விரித்து ஒரு இரவு அறையில் கிடக்கவிட்டுத்தான் வெட்டுகிறேன். கரையை ஒட்டி வெட்டுவதில்லை, அங்கே இழை நெருக்கம். ரோலின் குறுக்கே மூலைவாட்டமாக ஐந்து இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்கிறேன். திருப்பூர்க் கம்பெனிகளில் வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். ஒரு அழுத்து, ஒரு திருப்பு, நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் பிசிறில்லாமல் வந்துவிடும். என்னிடம் ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும்தான். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஒரு சத வித்தியாசம் வரும் என்பதால் மெதுவாக வெட்டுகிறேன். வெட்ட முடியாத துணி என்றால் இன்னும் சுலபம். துண்டோ போர்வையோ முழுசாகச் சமையலறைத் தராசில் வைத்து, நீளம் பெருக்கல் அகலத்தால் வகுத்தால் போதும்.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வாங்கியதில் என் பெரிய முட்டாள்தனம் அது. ஓட்டலில் தருவது மாதிரி இருக்கட்டும் என்று 600 ஜிஎஸ்எம் டர்க்கி டவல் ஆறு வாங்கினேன். வெயில் இருந்தவரை சொர்க்கம். ஐப்பசி மழையில் மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயவில்லை. நாலாம் நாள் நாற்றம். வாஷிங் மெஷின் இரண்டு டவலுக்கே திணறியது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் தன் ஈரிழைத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். மழை விட்ட ஒரு மணி நேர இடைவெளியில் அது காய்ந்துவிட்டது. ஓட்டலில் டிரையர் இருக்கிறது, நமக்கு மொட்டை மாடிதான் இருக்கிறது. டர்க்கிதான் வேண்டும் என்பவர்களுக்கு இப்போது 350-ஐத் தாண்டாதீர்கள் என்று சொல்கிறேன்.

இதே போலத்தான் கனமான டிஷர்ட் மோகமும். 240 ஜிஎஸ்எம் என்று பெருமையாக விளம்பரம் வருகிறது. குளிர் ஊரில் அது அழகாக விழும், உருக்குலையாது, ஒத்துக்கொள்கிறேன். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஈரோட்டில் அதைப் போடுவது தவம். பெரியவர்கள் டிஷர்ட்டுக்கு நான் 150, 160-இல் நிற்கிறேன், 30-ஆம் நம்பர் நூலில் அது தானாகவே வந்து உட்காரும் எடை. 30-ஆம் நம்பர் நூலில் 200 வேண்டும் என்று அடம்பிடித்தால் நெருக்கி அடைத்துக் கொடுப்பார்கள், துணி அட்டை மாதிரி இருக்கும்; 200 வேண்டுமென்றால் 20-ஆம் நம்பருக்கு இறங்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு 40-ஆம் நம்பரில் 120, 130. நைட்டிக்கு நெய்த காட்டனில் நூறுக்குக் கொஞ்சம் கீழே. பெட்ஷீட்டுக்கு 130 முதல் 150. கைப்பை தைக்கும் கேன்வாஸுக்கு அவுன்ஸில் சொல்வார்கள், 34 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பத்து அவுன்ஸ் என்றால் 340.

நிறத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெள்ளையும் வெளிர் ரோஜாவும் அதே எடையில் கறுப்பைவிடக் கண்ணாடியாகத் தெரியும். கருநீலத்தில் 95 ஜிஎஸ்எம் நைட்டி தாராளம். வெள்ளையில் அதே துணியைத் தைத்துவிட்டு உள்ளே லைனிங் வைக்க வேண்டி வந்தது. லைனிங் வைத்தால் இரண்டு எடையும் கூடிவிடுகிறது, பிறகு மெல்லிய துணி வாங்கியதற்கு அர்த்தமில்லை. கடையில் உள்ளங்கையைத் துணிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ரேகை தெரிந்தால் அது துப்பட்டாவுக்கு.

இந்த எடைப் பித்து வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, கொடியில் கிடந்த அவருடைய பழைய சுங்குடிப் புடவையைப் பார்த்தேன். மதுரையில் வாங்கியது, இருபது வருடம் இருக்கும். இடுப்பில் சுற்றினால் இருப்பதே தெரியாத புடவை. எங்கள் வீட்டில் பிறந்த மூன்று குழந்தைகளுக்கும் அதைத்தான் தொட்டிலில் விரித்தோம். சமையலறைத் தராசை எடுத்து வந்து, புடவையை நாலாக மடித்து வைத்தேன். 290 கிராம். டேப் பிடித்தேன்: 5.4 மீட்டர், அகலம் 1.15. போனில் கணக்குப் போட்டால் 47 ஜிஎஸ்எம்கூட முழுசாக வரவில்லை. இந்த எடையில் புதிதாக இப்படி ஒரு துணி கிடைக்குமா, எத்தனையாம் நம்பர் நூலாக இருக்கும் என்று ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, "என்னடி, என் புடவையை எடைக்குப் போடப் போறியா?" என்றார்.